கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு தபால் ஆபீஸ்

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் யார் வீடும் அவரவர் வீடாக இருப்பதில்லை. பகல்பத்து, வைகுண்ட ஏகாதசி, இராப்பத்து என்று மூன்று வாரத்துக்கு உறவுக்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். வந்தவர்களுக்கு வெந்நீர், பாய், தலையணை கொடுத்தால் போதும் என்றிருந்தது ஒரு காலம். இப்போது கூடத்து மூலையில் இருக்கும் கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும், இன்னொருவர் ஆபீஸ் மெயில் பார்க்க வேண்டும். குழந்தைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

போன மார்கழியில் என் நாத்தனார் பிள்ளை பத்து நாள் எங்களோடு இருந்தான். தங்கமான பையன். காலேஜுக்கு அனுப்ப வேண்டிய ஏதோ விண்ணப்பத்தைத் திருத்த வேண்டுமென்று, ஓர் இலவசப் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் இறக்கி, வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனான். பொங்கல் வந்தது, போயிற்று. அப்புறம்தான் வினை தொடங்கியது.

என் மாமியாருக்கு வயது 78. இதயம் கொஞ்சம் பலவீனம். நான்கு வருஷமாக எக்கோ, ரத்தப் பரிசோதனை என்று எடுத்துக்கொண்டு வருகிறோம். முன்பெல்லாம் பெரிய கவரில் போட்டுக் காகிதமாகத் தருவார்கள். இப்போது முக்கால்வாசி மெயிலில்தான் வருகிறது, பி.டி.எஃப். ஆக. என் கணவர் அவற்றை 'அம்மா' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். தை மாதத்தில் மாமியாருக்குக் கணுக்காலில் வீக்கம், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கல். தில்லைநகரில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் டாக்டர், "புதுசா ஒரு எக்கோ எடுத்துட்டு, பழைய ரிப்போர்ட் அத்தனையும் கொண்டு வாங்க. ஒண்ணை மட்டும் பார்த்து நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு சதவீதக் கணக்கு போட்டிருப்பார்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்பது அது. சாதாரணமாக 55-லிருந்து 70 வரை இருக்கும். ஒருவருக்கு 45 என்று வந்தால் அதை மட்டும் வைத்து என்ன தெரியும்? மூன்று வருஷமாகவே 45-ஆ, அல்லது போன வருஷம் 58 இருந்து இப்போது இறங்கியிருக்கிறதா? இரண்டும் ஒன்றல்லவே! வீட்டில் இதய நோயாளி, சர்க்கரை நோயாளி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர் யார் இருந்தாலும் பழைய ரிப்போர்ட்டுகளுக்கு அதனால்தான் அவ்வளவு மதிப்பு.

வெள்ளிக்கிழமை ராத்திரி. திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். பிரிண்ட் எடுக்கலாமென்று இவர் ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே இருந்த பி.டி.எஃப். ஒவ்வொன்றின் மேலும் நாங்கள் பார்த்தேயிராத ஒரு ஊதாக் கலர் சின்னம்! ஒன்றைத் தட்டினால், "உங்கள் இலவச நாட்கள் முடிந்துவிட்டன, தொடர வேண்டுமானால் பணம் கட்டுங்கள்" என்ற அறிவிப்பு வந்து நின்றது. அடுத்ததைத் தட்டினாலும் அதே. நான்கு வருஷத்து ரிப்போர்ட்டுக்கும் அதே பதில். யாரோ வீட்டுக்குள் புகுந்து அலமாரிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கிற மாதிரி இருந்தது.

சரி, சென்னையிலிருக்கும் நாத்தனாருக்காவது அனுப்புவோம், அவள் பிரிண்ட் எடுத்துப் படம் பிடித்து அனுப்பட்டும் என்று, ஃபைலின் மேல் வலது பக்க பொத்தானை அழுத்தி 'செண்ட் டு' என்பதில் 'மெயில்' என்பதைக் கொடுத்தார் இவர். அதற்கும் ஒரு பெட்டி வந்தது. இந்த வேலையைச் செய்ய எந்த மெயில் புரோகிராமும் இணைக்கப்படவில்லை, ஒன்றை நிறுவுங்கள், அல்லது ஏற்கெனவே இருந்தால் இணைப்பு ஏற்படுத்துங்கள் என்று நீளமாக ஆங்கிலத்தில். எனக்கு ஒரு வார்த்தையும் ஒட்டவில்லை. இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு கடைக்குப் போன் போட்டோம். "ஃபைல் எல்லாம் கரப்ட் ஆகியிருக்கும் சார். மெயிலும் போகலைன்னா வைரஸ்தான். கொண்டு வந்து கொடுங்க, ஃபார்மேட் போட்டுடலாம்" என்றார் அந்தப் பையன், ஏதோ தோசைக்கு மாவு கரைக்கிற மாதிரி. ஃபார்மேட் என்றால் உள்ளே இருப்பதை வழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். மாமியார் ரிப்போர்ட்டும் அதோடு போகுமே என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. "கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறதுக்கு முன்னாலே அடுத்த போர்ஷன் பெண்ணை ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கிறேன்" என்றேன். பாலிடெக்னிக்கில் படித்த பெண். கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

பார்த்தாள். சிரித்தாள். "மாமி, ஒண்ணும் போகலை. லெட்டர் எல்லாம் அப்படியேதான் இருக்கு. போஸ்ட் ஆபீஸிலே பிரிக்கிறவர்தான் தப்பான அறையிலே போடறார்" என்றாள்.

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முழு விஷயமும் பிடிபட்டுவிட்டது. வாசகிகளுக்கும் அப்படியே சொல்கிறேன்.

நம் கடிதங்களில் பின்கோடு எழுதுகிறோமே, அது 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஆறு இலக்கம். ஸ்ரீரங்கத்துக்கு 620 006. முதல் இலக்கமான 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் உள்ள பகுதி. முதல் மூன்றும் சேர்ந்து 620 என்றால் திருச்சி வட்டாரம். தபாலைப் பிரிக்கும் ஊழியர் உள்ளே யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பிரித்துப் படிப்பதில்லை. எண்ணைப் பார்க்கிறார், அதற்குரிய அறையில் போடுகிறார். வடக்கு உத்திர வீதியா, வடக்கு சித்திரை வீதியா என்ற கவலையெல்லாம் அப்புறம், இங்கே தபால்காரருக்கு.

கம்ப்யூட்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் ஒரு புள்ளி வைத்து மூன்று நான்கு எழுத்தில் ஒரு வால் இருக்கும். ஜே.பி.ஜி. என்றால் போட்டோ. எம்.பி.3 என்றால் பாட்டு. டி.ஓ.சி.எக்ஸ். என்றால் வேர்டில் தட்டச்சு செய்தது. பி.டி.எஃப். என்றால் நம் ரிப்போர்ட். நாம் தட்டியவுடன் கம்ப்யூட்டர் வாலைப் பார்க்கிறது. 'இந்த வாலுக்கு எந்தப் புரோகிராம்?' என்று தன்னிடமுள்ள ஒரு பட்டியலைப் பார்த்து, அந்தப் புரோகிராமை எழுப்பி, ஃபைலை அதன் கையில் கொடுக்கிறது. எங்கள் பட்டியலில் பி.டி.எஃப். என்பதற்கு நேரே அந்த இலவசப் புரோகிராமின் பெயர் ஏறியிருந்தது. இறக்கும்போது 'எப்போதும் இதிலேயே திறக்கட்டுமா?' என்று அது கேட்டிருக்கும், பையனும் 'ஆல்வேஸ்' என்று தட்டியிருப்பான். அதன் தவணை முடிந்ததும் அது கதவைச் சாத்திக்கொண்டது. ரிப்போர்ட்டுகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவள் செய்து காட்டியது இதுதான். ரிப்போர்ட் ஒன்றின் மேல் அம்புக்குறியை வைத்து மவுசின் வலது பொத்தானை அழுத்தினாள். வந்த பட்டியலில் 'ஓப்பன் வித்', அதில் 'சூஸ் அனதர் ஆப்'. பி.டி.எஃப். படிக்கத் தெரிந்த புரோகிராம்களின் பெயர்கள் வந்தன. விண்டோஸோடு கூடவே வரும் எட்ஜ் என்ற பிரவுசரே பி.டி.எஃப். படிக்கும், அதற்குத் தனியாகக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்! முதலில் 'ஜஸ்ட் ஒன்ஸ்', அதாவது 'இந்த ஒரு தரம் மட்டும்' என்பதைக் கொடுத்தாள். 2022-ஆம் வருஷத்து எக்கோ பளிச்சென்று திறந்தது. மூடிவிட்டு மறுபடி அதையே செய்து, இந்தத் தடவை 'ஆல்வேஸ்' என்று தட்டினாள். கண்ணெதிரே ஃபோல்டரிலிருந்த ஊதாச் சின்னங்கள் ஒட்டுமொத்தமாக மாறின. விண்டோஸ் 10 இருக்கும் வீடுகளில் 'ஆல்வேஸ்' என்ற பொத்தானுக்குப் பதில் கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் குறி போட்டு ஓகே கொடுக்க வேண்டும். முதலில் 'ஒன்ஸ்', சரியாகத் திறந்தால் பிறகு 'ஆல்வேஸ்' என்ற அவளுடைய வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. உப்புப் பார்த்துவிட்டுப் பரிமாறுகிற மாதிரி.

அப்புறம்தான் அந்தப் புரோகிராமைக் கழற்றினாள். செட்டிங்ஸ், ஆப்ஸ், அதில் அதன் பெயர், 'அன்இன்ஸ்டால்'. புரோகிராமைக் கழற்றினால் அது திறந்துகொண்டிருந்த ஃபைல்களும் போய்விடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். போகாது. அரிவாள்மணையைத் தூக்கிப் போட்டால் கூடையிலிருக்கும் காய்கறி போய்விடுமா?

ஒவ்வொரு ஃபைலாகச் செய்யாமல் மொத்தப் பட்டியலையும் பார்க்க வேண்டுமானால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'டிஃபால்ட் ஆப்ஸ்' என்ற இடத்துக்குப் போக வேண்டும். விண்டோஸ் 11-இல் மேலே ஒரு தேடும் கட்டம் இருக்கும். புள்ளி வைத்து வாலைத் தட்டச்சு செய்தால் இப்போது அதற்கு யார் பொறுப்பு என்று காட்டும், அங்கேயே மாற்றலாம். அதே பக்கத்தில் எல்லாவற்றையும் ஆதிக்குக் கொண்டுபோகும் 'ரீசெட்' பொத்தானும் உண்டு. அதனால் ஃபைல் எதுவும் அழியாது. ஆனால் நாம் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட பாட்டு, படம், பிரவுசர் ஏற்பாடுகளும் சேர்ந்து பழையபடி ஆகிவிடும். ஒரு வால் கெட்டதற்கு அத்தனையையும் கலைப்பானேன்?

சிலர் வீட்டில் இதற்கு இன்னொரு வைத்தியம் செய்கிறார்கள். திறக்காத ஃபைலின் வாலையே மாற்றி எழுதிவிடுகிறார்கள், பி.டி.எஃப். என்பதை டி.ஓ.சி.எக்ஸ். என்று. அது மாத்திரைப் பட்டையின் மேல் வேறு சீட்டு ஒட்டுகிற வேலை. உள்ளே மாத்திரை மாறுவதில்லை, குழப்பம்தான் மிஞ்சும்.

மெயில் விஷயத்துக்கு வருகிறேன். அதுவும் இதே பட்டியல்தான், ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெயில் பார்ப்பதற்கு இரண்டு வழி. அவுட்லுக், தண்டர்பேர்டு மாதிரி ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்வது ஒன்று. அது வீட்டு வாசலில் தபால்பெட்டி மாட்டியிருப்பது போல. குரோமையோ எட்ஜையோ திறந்து ஜிமெயில் பக்கத்துக்குப் போய்ப் பார்ப்பது இன்னொன்று. அது தபால் ஆபீசுக்கே நேரில் நடந்து போய்க் கடிதம் வாங்கி வருவது. நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். வாசலில் பெட்டியே இல்லாதபோது, 'செண்ட் டு' கொடுத்தால் கம்ப்யூட்டர் எதில் கொண்டுபோய்ப் போடும்? அதைத்தான் அந்த நீள அறிவிப்பு சொல்லியிருக்கிறது. வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜிமெயிலில் புதுக் கடிதம் திறந்து, கீழே இருக்கும் ஜெம் கிளிப் படத்தைத் தட்டி, ஃபோல்டரிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கோத்துவிட்டால் போய்விடுகிறது. நாத்தனாருக்கு ஐந்தே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு தொந்தரவும் உண்டு. ஏதாவது வெப் பக்கத்தில் நீல எழுத்தில் ஒரு மெயில் விலாசம் இருக்கும். அதைத் தட்டினால் நமக்குச் சம்பந்தமில்லாத ஏதோ புரோகிராம் எழுந்துவந்து பெயரென்ன, ரகசியச் சொல்லென்ன என்று விசாரிக்கும். அந்த நீல எழுத்துக்குப் பின்னால் 'மெயில்டூ' என்று ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. அதுவும் ஒரு வால் மாதிரிதான். 'டிஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்தில் 'மெயில்டூ' என்று தேடி, அதற்கு நேரே குரோமை வைத்துவிட வேண்டும். பிறகு குரோமில் ஜிமெயிலைத் திறந்தால் மேலே விலாசக் கட்டத்தின் ஓரத்தில் இரண்டு சதுரம் கோத்த மாதிரி ஒரு குறி தெரியும். அதைத் தட்டி அனுமதி கொடுத்தால் நீல விலாசங்கள் ஜிமெயிலிலேயே திறக்கும். விண்டோஸ் 10-ஓடு வந்த 'மெயில்' என்ற புரோகிராமின் சேவை 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதையே வழக்கமாக வைத்திருந்த வீடுகளில் இந்தத் தடுமாற்றம் இன்னும் இருக்கலாம். அங்கேயும் வைத்தியம் இதுதான்.

வாலைப் பற்றிச் சொன்னேனே, அதை விண்டோஸ் சாதாரணமாக நம் கண்ணில் காட்டுவதில்லை, மறைத்தே வைத்திருக்கும். இது எனக்குச் சம்மதமில்லை. ஏன் தெரியுமா? 2000-ஆம் வருஷம் மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மெயில் கிளம்பியது. 'ஐ லவ் யூ' என்று தலைப்பு, கூடவே ஒரு காதல் கடிதம் இணைப்பு. பார்வைக்கு அது டி.எக்ஸ்.டி. என்று முடியும், வெறும் எழுத்து ஃபைல் மாதிரி. மறைந்திருந்த உண்மையான கடைசி வாலோ வி.பி.எஸ்., அதாவது கட்டளைகளை நிறைவேற்றும் ஃபைல். ஆசையாகத் தட்டியவர்களின் விலாசப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டு, சேர்த்து வைத்த போட்டோக்களையும் அழித்துவிட்டது. ஒரே நாளில் உலகமெங்கும் ஆபீசுகள் ஆடிப்போயின. இன்றைக்கும் 'ரிப்போர்ட்', 'பில்', 'கூரியர்' என்று பெயர் வைத்துக்கொண்டு, பி.டி.எஃப். என்பதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி, இ.எக்ஸ்.இ. என்று வருகிற ஃபைல்கள் உண்டு. ஆகவே ஃபோல்டரைத் திறந்து 'வியூ', 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதற்குக் குறி போட்டு வையுங்கள். வால் எல்லாம் தெரியும். இ.எக்ஸ்.இ. என்று முடிகிற எதுவும் லாப் ரிப்போர்ட்டாக இருக்கவே முடியாது.

கைபேசியிலேயே எல்லாம் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு போனிலும் இதே 'ஜஸ்ட் ஒன்ஸ்', 'ஆல்வேஸ்' கேள்வி வரும். குழந்தை அவசரத்தில் 'ஆல்வேஸ்' தட்டிவிட்டால் பதற வேண்டாம். செட்டிங்ஸில் ஆப்ஸ், அந்தக் குறிப்பிட்ட ஆப்பின் பெயர், அதில் 'ஓப்பன் பை டிஃபால்ட்' என்ற இடத்துக்குப் போய் 'கிளியர்' செய்தால் அடுத்த தடவை மறுபடியும் நம்மைக் கேட்கும். போனுக்குப் போன் வார்த்தைகள் சற்று மாறும், இடம் ஏறக்குறைய இதுதான்.

அந்தப் பெண் கிளம்புகிற சமயத்தில் எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. காலமான என் மாமனார் 2003-இல் தட்டச்சு செய்து வைத்த குடும்பத் திதிப் பட்டியல். அதைத் திறந்தால் வேர்டு சரியாகவே திறக்கிறது, ஆனால் உள்ளே தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கோணல் குறிகளுமாக என்னவோ இருக்கிறது. "இதுக்கும் ஓப்பன் வித்தா?" என்றேன். "இல்லை மாமி, இது வேற வியாதி" என்றாள்.

அந்த நாளில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தங்களுக்குத் தோன்றியபடி தமிழ் எழுத்துகளை உட்கார்த்தி வைத்தார்களாம். பாமினி ஒரு மாதிரி, டிஸ்கி ஒரு மாதிரி. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தமிழக அரசு ஏற்றது. பிறகு 2010-இல் யூனிகோடு அரசின் தரமாயிற்று. இப்போது நாம் போனில் அடிக்கும் தமிழ் யூனிகோடுதான், யாருக்கு அனுப்பினாலும் தெரிகிறது. பழைய ஃபைலுக்கு அந்தப் பழைய எழுத்துரு நம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தது என்று வேர்டில் மேலே கட்டத்திலேயே பெயர் காட்டும். மாமனாருடையது பாமினி. அன்று சாயந்திரம் ஏழு தலைமுறைத் திதியும் தமிழில் வந்துவிட்டது. மாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

திங்கட்கிழமை நம்பர் 1 பஸ்ஸில் கூட்டம் என்று ஆட்டோவிலேயே தில்லைநகர் போனோம். டாக்டர் ரிப்போர்ட்டுகளை மேஜையில் வரிசையாகப் பரப்பினார். 54, 52, 50, புதியதில் 41. மெல்ல இறங்கி வந்தது இந்த வருஷம் சட்டென்று இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டி, இரண்டு மாத்திரையை மாற்றி எழுதினார். ஊறுகாய், அப்பளம், வடாம் மூன்றுக்கும் தடை. தினமும் காலையில் எழுந்து பாத்ரூம் போய்விட்டு வந்ததும் எடை பார்த்து நோட்டில் எழுத வேண்டும், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடலில் நீர் தங்குகிறது என்று அர்த்தம், உடனே போன் செய்யுங்கள் என்றார்.

எடை எழுதுகிற பொறுப்பு என்னுடையது. மாமியார் அப்பளத்தைப் பற்றித்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரிப்போர்ட்டுகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். காகிதப் பிரதி ஒன்று டாக்டர் ஃபைலில் இருக்கிறது. விருந்தாளிகளுக்கென்று கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு ஒன்று திறந்து கொடுத்துவிட்டாள் அடுத்த போர்ஷன் பெண். அதில் அவர்கள் எந்தப் புரோகிராமை எதற்கு வழக்கமாக வைத்துக்கொண்டாலும் எங்கள் பட்டியல் மாறாது.